சர்வதேச அறிவியல் கொள்கை வேலை: கோவை, ஈரோட்டுப் பக்கமிருந்து எப்படி உள்ளே போறது?

#1 மஞ்சள்மண்டி

வணக்கமுங்க. அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரியில பிஎச்.டி. முடியற கட்டம், ஊர் ஈரோடு. நாடுகளுக்கு நடுவுல அறிவியலை வெச்சு நடக்குற பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், தரநிர்ணயம், இந்தப் பக்கம் வேலைக்குப் போகோணும்னு எண்ணம். நெட்டுல தேடுனா எல்லாமே அமெரிக்கா, ஐரோப்பாக்காரங்களுக்கான வழியாவே வருது. ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) எழுதுறது ஒண்ணுதான் வழியா? நம்மூர்ல இருந்துக்கிட்டே ஆரம்பிக்க முடியுமா? இந்த வேலையில இருக்கறவங்க நாள் முழுக்க என்னதான் செய்யறாங்க? சொந்தக் கதை வேண்டாமுங்க, வேலை விவரம் எழுதுனாப் போதும்.

#2 நொய்யல்கரை

அம்மிணி, "சயின்ஸ் டிப்ளமசி" (அறிவியல் ராஜதந்திரம்)ங்கற பேர்ல வேலை விளம்பரம் அநேகமா வராது. அதனாலதான் தேடுனாக் கிடைக்கறதில்லை. பிரிட்டனோட அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியும் அமெரிக்க அறிவியல் சங்கமான ஏ.ஏ.ஏ.எஸ்.ஸும் 2010ல போட்ட அறிக்கை இந்தத் துறையை மூணாப் பிரிச்சுது, எல்லாரும் இன்னும் அதைத்தான் புடிச்சுக்கிட்டிருக்காங்க. ஒப்பந்தப் பேச்சுக்கு அறிவியல் ஆலோசனை கொடுக்கறது ஒண்ணு. அறிவியல் திட்டங்களுக்காக நாடுகளைச் சேர்த்து வெக்கறது ரெண்டாவது: இட்டர் அணுக்கரு இணைவுத் திட்டத்துல இந்தியா 2005ல சேர்ந்தது, ஐரோப்பாவோட துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன்ல 2017ல இணை உறுப்பினரானது எல்லாம் இந்தக் கணக்கு. அறிவியலைக் கொடுத்து உறவை வளர்க்கறது மூணாவது, 2017 மே மாசம் விட்ட தெற்காசிய செயற்கைக்கோள் மாதிரி. மூணாவது வகைதான் பேப்பர்ல பெருசா வரும். ஆனா ஆள் வேணும்னு தேடறது மொதல் வகைக்குத்தான்.

இந்தியாவுல எந்த நாற்காலி யார்கிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் ஆரம்பப் பாடம். சர்வதேச உணவுத் தரத்துக்கான கோடெக்ஸ் அமைப்புன்னா மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நச்சு ரசாயனம், பருவநிலை, பல்லுயிர்னா சுற்றுச்சூழல் அமைச்சகம். கால்நடை நோய்னா கால்நடைத் துறை. இட்டர், செர்ன் ரெண்டும் அணுசக்தித் துறை. அண்டார்க்டிகா புவி அறிவியல் அமைச்சகம். வெளியுறவு அமைச்சகத்துல 2020 ஜனவரியில "நெஸ்ட்"னு புதுத் தொழில்நுட்பங்களுக்குன்னே ஒரு பிரிவு தொடங்குனாங்க. இதுபோக அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.) வாஷிங்டன், பெர்லின், மாஸ்கோ, டோக்கியோ தூதரகங்கள்ல அறிவியல் ஆலோசகர் வெச்சிருக்குது. அந்த நாலு இடமும் ஏற்கெனவே அரசு வேலையில இருக்கற மூத்த விஞ்ஞானிகளுக்குப் போகும், புதுசா வர்றவங்களுக்கு இல்லை.

ஐ.எஃப்.எஸ். பத்தி: வயசு வரம்பு பொதுப்பிரிவுக்கு 32, ஓ.பி.சி.க்கு 35, எஸ்.சி./எஸ்.டி.க்கு 37. முயற்சி பொதுப்பிரிவுக்கு 6, ஓ.பி.சி.க்கு 9. ஓ.பி.சி.க்கு மத்திய அரசு மாதிரிப் படிவத்துல கிரீமி லேயர் இல்லைங்கற சான்று வேணும், தாசில்தார் ஆபீஸ்ல மாநில வேலைக்கு வாங்குன சாதிச் சான்றை மட்டும் நீட்டுனா ஆகாது. நல்ல வேலைதான். ஆனா அதுல மூணு வருஷத்துக்கு ஒருக்கா இடமும் பொறுப்பும் மாறும். கெமிஸ்ட்ரி படிச்சவங்க தூதரகத்துல விசாப் பிரிவைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. அறிவியல் விஷயத்துலயே நிக்கோணும்னா இது உறுதியான வழி இல்லைங்க.

#3 லேத்துப்பட்டறை

நொய்யல் அண்ணன் சொன்னது டெல்லி பக்கத்துப் படம். நான் இந்தப் பக்கத்துல இருந்து ஒரு உதாரணம் சொல்றேன், அதுவும் கெமிஸ்ட்ரிக்காரங்களுக்குன்னே.

நம்ம பட்டறைகள்ல ஓடற கட்டிங் ஆயில்ல, வேகமா வெட்டறப்ப டூல் தேயாம இருக்கறதுக்குக் குளோரினேட்டட் பாரஃபின் கலப்பாங்க. அதுல கார்பன் 10 முதல் 13 வரைக்கும் உள்ள குட்டைச் சங்கிலி வகையை, லேசுல அழியாத நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2017லயே தடைப்பட்டியல்ல சேர்த்துருச்சு. உலகம் பூராவும் அடுத்த வகைக்கு, 14 முதல் 17 கார்பன் உள்ள நடுச்சங்கிலிக்கு மாறுனாங்க. 2021ல பிரிட்டன் அதையும் பட்டியலுக்கு முன்மொழிஞ்சுது. 2025 மே மாசம் ஜெனீவாவுல 45 சதவீதமோ அதுக்கு மேலயோ குளோரின் உள்ளதெல்லாம் பட்டியல்ல ஏறிடுச்சு, சில பயன்பாட்டுக்குக் கெடு வெச்ச விலக்கோட.

இப்ப சிக்கல் எங்கன்னா, நம்ம சந்தையில இந்தச் சரக்கைக் குளோரின் சதவீதத்தை வெச்சுத்தான் விக்கறாங்க. டிரம்முல "சி.பி. 52"ன்னு இருக்கும். 52ங்கறது குளோரின் அளவு. ஒப்பந்தமோ கார்பன் சங்கிலி நீளத்தை வெச்சுப் பேசுது. பில்லைப் பார்த்து, டிரம்மைப் பார்த்து, உள்ளே தடை செஞ்சது எவ்வளவு, செய்யாதது எவ்வளவுன்னு சொல்லவே முடியாது. லேபுக்கு அனுப்புனாலும் லேசில்லை. ஆயிரக்கணக்கான ஐசோமர் (ஒரே வாய்பாடு, வேற வேற அமைப்பு உள்ள மூலக்கூறு) ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, குரோமட்டோகிராம்ல தனித்தனிப் பீக்கா வராம மேடு மாதிரி வரும். சாதாரண கேஸ் குரோமட்டோகிராஃபி (ஜி.சி.) கருவியில பிரிக்க முடியாது, உயர்திறன் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சரியான ஸ்டாண்டர்டும் வேணும். உற்பத்தியில சீனாவும் நாமளும்தான் பெரிய நாடுகள். அப்போ இந்தியா "இத்தனை வருஷம் அவகாசம் வேணும், இந்தப் பயன்பாட்டுக்கு விலக்கு வேணும்"னு கேக்கறதுக்கு, நம்ம சரக்குல உண்மையில என்ன இருக்குதுங்கற எண்ணிக்கை கையில இருக்கோணும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு வர்ற ஆளுக்கு எந்தக் கூட்டத்துலயும் இடம் உண்டு.

இன்னொண்ணு. ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல சேர்றப்பவே இந்தியா ஒரு அறிவிப்புக் கொடுத்திருக்குது: பட்டியல்ல புதுசா எது ஏறுனாலும், நாங்க தனியா ஒப்புதல் கொடுத்தாத்தான் எங்களைக் கட்டுப்படுத்தும். அப்படித்தான் 2020 அக்டோபர்ல ஏழு ரசாயனங்களுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துது. இது தெரியாம "ஜெனீவாவுல தடை பண்ணியாச்சு, அதனால இந்தியாவுல தடை"ன்னு குறிப்பு எழுதறவங்க நெறையப் பேர். அமைச்சகத்துல அந்த ஒரு வரியைப் படிச்சதும் மீதியைப் படிக்க மாட்டாங்க.

#4 பனியன்கம்பெனி

லேத்து அண்ணன் சொன்ன மாதிரியே எங்களுக்கும் ஒண்ணு இருக்குதுங்க. மழைக்கோட்டு, விளையாட்டு உடுப்புக்குத் தண்ணி ஒட்டாம இருக்கப் போடற ஃபுளோரின் ஃபினிஷ். எட்டுக் கார்பன் உள்ள சி8 வகையில வர்ற பி.எஃப்.ஓ.ஏ.ங்கற ரசாயனம் 2019ல ஸ்டாக்ஹோம் பட்டியலுக்குப் போச்சு. எல்லாரும் ஆறு கார்பன் உள்ள சி6க்கு மாறுனாங்க. இப்ப ஐரோப்பிய யூனியன் சி6லயும் கை வெச்சுருச்சு: பொதுமக்களுக்கு விக்கற துணியில சி6ல வர்ற பி.எஃப்.ஹெச்.எக்ஸ்.ஏ.ங்கற ரசாயனம் 25 பி.பி.பி.க்குள்ள (நூறு கோடியில 25 பங்கு) இருக்கோணும், 2026 அக்டோபர் 10ல இருந்து. ஃபுளோரினே இல்லாத ஃபினிஷுக்கு மாறோணும், இல்லைன்னா ஐரோப்பிய ஆர்டர் இல்லை. இந்த மாதிரி விதி வரப்போகுதுன்னு உலக வர்த்தக அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்கறது வழக்கம், கருத்துச் சொல்றதுக்குப் பெரும்பாலும் 60 நாள் தருவாங்க. திருப்பூர்ல இருந்து அந்த 60 நாளுக்குள்ள அறிவியல் ஆதாரத்தோட ஒரு பதில் போகோணும்னா எழுதறதுக்கு ஆள் தேடோணும். வாங்கறவன் ஈமெயில் போட்டதுக்கப்புறம்தான் நமக்கே சேதி தெரியுது.

#5 நொய்யல்கரை

» வாங்கறவன் ஈமெயில் போட்டதுக்கப்புறம்தான்

அதுக்கு "இ-பிங்"னு இலவசத் தளம் இருக்குதுங்க, உலக வர்த்தக அமைப்பு நடத்தறது. பொருள், நாடு ரெண்டையும் கொடுத்துப் பதிஞ்சு வெச்சா, புது அறிவிப்பு வந்ததும் மெயில் வந்துரும். மஞ்சளுக்கு, முட்டைக்கு, பம்புசெட்டுக்கு, துணிக்குன்னு தனித்தனியாப் போட்டு வெக்கலாம். அம்மிணி, இன்னைக்கே அதைச் செய்யுங்க. ஆறு மாசம் அந்த மெயிலை ஒழுங்காப் படிச்சாலே எந்த நாடு எந்தக் காரணத்தைச் சொல்லிக் கதவைச் சாத்துதுன்னு ஒரு பிடி கிடைக்கும்.

#6 மஞ்சள்மண்டி

நெம்ப நன்றிங்க. அப்போ மஞ்சளுக்கு என்ன நடக்குதுன்னு யாராவது சொன்னா எனக்குப் புரியும். என்ற பேரே அதுதான்!

#7 பவானிக்கூடல்

மஞ்சள் இந்த விஷயத்துக்கு அருமையான பாடம். கோடெக்ஸ்ல மசாலாப் பொருளுக்குன்னு தனிக் குழு இருக்கிறது, 2013ல அமைந்தது, அதை நடத்துவதே இந்தியாதான், ஸ்பைசஸ் போர்டு வழியாக. 2024 ஜனவரி கடைசியில் கொச்சியில் நடந்த ஏழாவது கூட்டத்தில் ஏலக்காய், மஞ்சள் உள்பட ஐந்து பொருளுக்கான தரத்தை முடித்து இறுதி ஒப்புதலுக்கு அனுப்பினார்கள்.

கோடெக்ஸ் தரம் ஒன்று எட்டுப் படி ஏற வேண்டும். புதுவேலைக்கு அனுமதி, வரைவு, நாடுகளின் கருத்து, குழு விவாதம், அதன்பின் ஐந்தாம் படியில் முதல் ஏற்பு. மறுபடியும் கருத்து, மறுபடியும் குழு, எட்டாம் படியில் இறுதி ஏற்பு. மூன்றாம் படியும் ஆறாம் படியும்தான் வெளியே இருப்பவர்கள் உள்ளே நுழையும் வாசல். வரைவுகளைப் பெரும்பாலும் மின்னணுப் பணிக்குழுதான் தயாரிக்கிறது. இந்தியாவிலிருந்து யார் சேரலாம் என்பதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் உள்ள தொடர்பு அலுவலகம் முடிவு செய்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் உள்நாட்டில் ஒரு நிழற்குழு உண்டு. அதில் பல்கலைக்கழக, ஆய்வுக்கூட நிபுணர்கள் இருப்பார்கள்.

பிழை நடக்கும் இடத்தையும் சொல்கிறேன். ஈயம் போன்ற நச்சுக்கு உச்ச அளவு வைக்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் ஜெம்ஸ்/ஃபுட் தரவுத்தளத்தில் நாடுகள் ஏற்றிய எண்களைத்தான் எடுப்பார்கள். ஓர் அளவை வைத்தால் எத்தனை சதவீதச் சரக்கு தள்ளுபடியாகும் என்று கணக்கிட்டு, தள்ளுபடி பொதுவாக ஐந்து சதவீதத்துக்குள் வரும்படி அளவைத் தேர்வார்கள். நம் தரவு அதில் இல்லை என்றால், நம் மண்ணில் விளைந்த மஞ்சளைக் கணக்கில் சேர்க்காமலே அளவு முடிவாகிவிடும். பிறகு மேசையில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை.

தரவு இருந்தும் தள்ளுபடியாவதும் உண்டு. கருவி நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவை (எல்.ஓ.க்யூ.) எழுதாமல் "கண்டறியப்படவில்லை" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அது பூஜ்யமா, கருவி பிடிக்காததா என்று தெரியாது. கிழங்கா பொடியா என்று பிரிக்காமல் ஒரே தலைப்பில் கொட்டியிருப்பார்கள். பொடியில் கலப்படமாக லெட் குரோமேட் வந்தால் ஈயம் எகிறும், கிழங்கில் மண்ணிலிருந்து வருவது வேறு அளவு. இரண்டையும் கலந்தால் நல்ல விவசாயியின் சரக்கும் கலப்படக்காரனின் சரக்கும் ஒரே சராசரியில் மாட்டும். மாதிரி எடுத்த ஆண்டு இருக்காது. தனித்தனி மாதிரியின் எண்ணைத் தராமல் சராசரியை மட்டும் தருவார்கள், அதை வைத்து தள்ளுபடி சதவீதம் போடவே முடியாது. உங்கள் படிப்புக்கு இந்த இடம் பொருந்தும். ஈரோடு, சேலம் மாதிரிகளை முறையாக எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் வழியாக ஒழுங்கான எண்களாக்குவது முழு அறிவியல் ராஜதந்திர வேலை.

#8 கோழிப்பண்ணை

நாமக்கல்காரன் ஒண்ணு சேர்த்துக்கறேன். அறிவியல் குறிப்பு இல்லாமப் போனா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட நல்ல கேஸ் கிடையாது.

பறவைக் காய்ச்சல் வந்த நாட்டுல இருந்து கோழிப்பொருள், முட்டை எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னு இந்தியா தடை போட்டிருந்தது, 2011 அறிவிக்கை. வீரியம் கம்மியான வைரஸ் வந்தாலும் அதே தடை. 2012ல அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போச்சு, வழக்கு எண் டி.எஸ்.430. நாம சொன்ன வாதம்: கால்நடை சுகாதாரத்துக்கான உலக அமைப்போட நெறிநூல்படிதான் தடை போட்டிருக்கோம், அதனால தனியா அபாய மதிப்பீடு செய்யத் தேவையில்லை. தீர்ப்புக் குழு அந்த அமைப்பையே கேட்டுது. நெறிநூல் அப்படி முழுத்தடை போடச் சொல்லலைன்னு ஆயிருச்சு. அப்புறம் நம்ம கையில என்ன இருந்துது? நெறிநூலுக்கு மேல போற தடைக்கு அபாய மதிப்பீடு வேணும், அது இல்லை. ஒரு மாகாணத்துல நோய் வந்தா அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்கறதுக்கு வழி வெக்கோணும், அதுவும் இல்லை. 2014 அக்டோபர்ல குழுவோட தீர்ப்பு, 2015 ஜூன்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பு, ரெண்டுலயும் தோத்தோம். 2023 செப்டம்பர்லதான் ரெண்டு நாடும் பேசி முடிச்சுக்கிட்டாங்க.

என்ற வருத்தம் என்னன்னா, பண்ணைக்காரங்களைக் காப்பாத்தோணும்ங்கற எண்ணம் சரியானதுதான். வைராலஜி தெரிஞ்ச ஒருத்தரும், உணவு, கால்நடை, பயிர்ப் பாதுகாப்பு விதிகளுக்கான உலக வர்த்தக அமைப்போட எஸ்.பி.எஸ். ஒப்பந்தத்துல 5ஆம், 6ஆம் பிரிவைப் படிச்ச ஒருத்தரும் 2011க்கு முன்னாலயே ஒண்ணா உக்காந்து அபாய மதிப்பீடு எழுதியிருந்தா, நம்ம நிலைமை பலமா இருந்திருக்கும்.

#9 பாலக்காட்டுக்கணவாய்

» 2011க்கு முன்னாலயே ஒண்ணா உக்காந்து

ஒத்துக்க மாட்டேனுங்க, பாதிதான். மதிப்பீடு ஒழுங்காச் செஞ்சிருந்தா, வீரியம் கம்மியான வைரசுக்கு முழு நாட்டுத் தடை நியாயம்னு அதுல வந்திருக்குமா? வந்திருக்காது. அறிவியல் ஆலோசகர் அமைச்சகத்துக்குப் பிடிக்காததையும் எழுதோணும். "தடை போடோணும், அதுக்குக் காரணம் கண்டுபிடி"ன்னு கேட்டா மறுக்கத் தெரியோணும். இந்த வேலைக்கு வர்றவங்க இதை இப்பவே யோசிச்சு வெச்சுக்கோணும்.

#10 கோழிப்பண்ணை

அதுவும் சரிதாங்க. அதே பகுதிவாரி விதி நமக்கும் உதவியிருக்குது, அதையும் சொல்லிடறேன். 2023ல தமிழ்நாடு உள்பட நாலு மாநிலத்துல 26 பண்ணைக் கம்பார்ட்மென்ட் (தனி நோய்த்தடுப்பு ஏற்பாட்டுக்குள்ள இருக்கற பண்ணைத் தொகுதி) பறவைக் காய்ச்சல் இல்லாததுன்னு இந்தியா சுய அறிவிப்புக் கொடுத்து, கால்நடை சுகாதார உலக அமைப்பும் ஏத்துக்கிச்சு. வேற மாநிலத்துல நோய் வந்தாலும் இந்தப் பண்ணைச் சரக்கு போகறதுக்கு வாதம் இருக்குது. ஆனா வேலி, வண்டிச் சக்கரத்துக்கு மருந்துக் குளியல், ஆள் நடமாட்டப் பதிவேடு, மாதிரி எடுத்த தேதி எல்லாம் காகிதத்துல இருந்தாத்தான்.

#11 மஞ்சள்மண்டி

இப்பத்தான் படம் தெளியுதுங்க. அப்போ பிஎச்.டி. முடிஞ்சதும் எங்க விண்ணப்பிக்கறது? பேரோட சொன்னா உபயோகம்.

#12 சிறுவாணித்தண்ணி

வரிசையாச் சொல்றேன் கண்ணு.

பக்கத்துல இருக்கறது பெங்களூரு. ஐ.ஐ.எஸ்.சி.யில டி.எஸ்.டி.யோட கொள்கை ஆய்வு மையம் இருக்குது, பிஎச்.டி. முடிச்சவங்களுக்கு டி.எஸ்.டி. கொள்கை ஃபெல்லோஷிப்பும் உண்டு. அதே ஊர்ல நியாஸ், சிஸ்டெப்னு ரெண்டு ஆய்வு நிறுவனம். டெல்லியில ஆர்.ஐ.எஸ். ஆய்வு நிறுவனம், அவங்க அறிவியல் ராஜதந்திரத்துக்குன்னே ஒரு பத்திரிகை நடத்தறாங்க. எரிசக்தி, பருவநிலைன்னா சி.இ.இ.டபிள்யூ.ங்கற ஆய்வு நிறுவனம். படிக்கோணும்னா ஜே.என்.யூ.வுல அறிவியல் கொள்கைக்குன்னு தனி மையம். மத்திய அரசோட முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் ஃபெல்லோ எடுக்கறாங்க. மாநில அளவுல முதலமைச்சர் ஃபெல்லோஷிப் இருக்குது, அது சர்வதேச வேலை இல்லை, ஆனா அரசுக் கோப்பு எப்படி நகருதுன்னு கத்துக்கலாம். அது தெரியாம ஜெனீவா போனாலும் குருட்டாட்டம்தான்.

குறுகிய பயிற்சின்னா இத்தாலியில ட்ரியஸ்டேல, வளரும் நாடுகளுக்கான அறிவியல் கழகமான ட்வாஸும் ஏ.ஏ.ஏ.எஸ்.ஸும் 2014ல இருந்து நடத்தற அறிவியல் ராஜதந்திர வகுப்பு, வளரும் நாட்டு விஞ்ஞானிகளை மனசுல வெச்சு அமைச்சது. சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களுக்கு "இன்ஃபார்மியா" தளத்துல ஐ.நா.வோட இலவச ஆன்லைன் பாடம் இருக்குது. நெட்டுல அடிக்கடி கண்ணுல படற ஏ.ஏ.ஏ.எஸ். கொள்கை ஃபெல்லோஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேணும், அதுல நேரத்தைப் போடாதீங்க.

ஐ.நா. செயலகங்கள்ல பி-2ங்கற ஆரம்ப அதிகாரி நிலைக்கு முதுகலையும் ரெண்டு வருஷ அனுபவமும், பி-3க்கு அஞ்சு வருஷம், பி-4க்கு ஏழு. இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு வயசு 32க்குள்ள இருக்கோணும், பங்கேற்கற நாடுகளோட பட்டியல் வருஷா வருஷம் மாறும். அந்த வருஷப் பட்டியல்ல இந்தியா இருக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் படிக்க உக்காருங்க. ஐ.நா. செயலக இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவாவுல வாடகைக்கே பெரும் பணம் போகும். வீட்டுல கடன் வாங்கி அதுக்குப் போக வேண்டாம். பொண்ணுங்களுக்கு இன்னொண்ணு: அணு அறிவியல் தொடர்பா முதுகலை படிக்கறவங்களுக்கு சர்வதேச அணுசக்தி முகமை 2020ல இருந்து மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி பேர்ல உதவித்தொகை தருது. தங்கச்சி யாராவது படிக்கறாங்கன்னா சொல்லுங்க.

விண்ணப்பம் தோக்கறது பெரும்பாலும் ஒரே காரணத்துல. "அறிவியல் ராஜதந்திரத்துல ஆர்வம்"னு எழுதுவாங்க. எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு, எந்தப் பொருள்னு கேட்டா வார்த்தை வராது.

#13 பாலக்காட்டுக்கணவாய்

ஊர்ல இருந்தே ஆரம்பிக்கலாம்ங்கறதை எல்லாரும் சொல்றீங்க. ஆரம்பிக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா முடிவு எடுக்கற கூட்டம் டெல்லியில நடக்குது. பாதி விஷயம் வரவேற்பறையில காத்திருக்கறப்பத்தான் தெரிய வரும். ரெண்டு மூணு வருஷம் டெல்லியிலயோ பெங்களூருலயோ இருக்கறதைத் தவிர்க்க முடியாது. அரசு, பல்கலைக்கழக வேலையில இருந்தா வெளிநாட்டுக் கூட்டத்துக்குத் துறை அனுமதியும் வெளியுறவு அமைச்சகத்தோட அரசியல் அனுமதியும் வாங்கோணும். அழைப்பு வந்த அன்னைக்கே கோப்பைத் தொடங்கலைன்னா கூட்டம் முடிஞ்சு அனுமதி வரும்.

#14 பவானிக்கூடல்

பாலக்காட்டார் சொல்வது சரி. டெல்லிக்குப் போகும்போது கையில் ஒரு வேலை முடிந்து இருந்தால் வரவேற்பறையில் காத்திருக்கும் நேரம் குறையும். போகுமுன் ஊரிலிருந்தே செய்யக்கூடியவை இருக்கின்றன.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குழுக்கள் ஒன்று. கோவையிலேயே கிளை அலுவலகம் உண்டு. துணிக்கு, பம்புக்கு, மசாலாவுக்குத் தனித்தனிக் குழுக்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வில் மசாலாவுக்கான துணைக்குழுவின் செயலகப் பொறுப்பே இந்தியாவிடம்தான் இருக்கிறது. வரைவு இந்தியத் தரங்கள் பொதுமக்கள் கருத்துக்காக இணையத்தில் வரும், யாரும் எழுதலாம். ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா, வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இருப்போர் பெயரைப் பார்த்தால் இந்தக் குழுக்களில் நம் ஊரின் பங்கு தெரியும்.

பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை மதிப்பாய்வு இரண்டாவது. துறை நிபுணத்துவத்தைச் சொல்லிப் பதிந்தால் வரைவு கைக்கு வரும். ஆறாம் அறிக்கையின் முதல் பணிக்குழுவுக்கு மட்டும் 78,007 கருத்துகள் போயின, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர்கள் எழுதிய பதில் வெளியாகியிருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிப்பதே தனிப் பயிற்சி.

கருத்து எழுதும் விதத்துக்குக் கற்பனையான ஓர் உதாரணம் தருகிறேன். பயனற்றது: "இந்தப் பகுதியில் இந்தியாவைப் பற்றிப் போதிய தகவல் இல்லை, சேர்க்கவும்." பயனுள்ளது: "அத்தியாயம் 4, பக்கம் 31, வரி 12–15. தெற்காசியா முழுதும் நிலத்தடி நீர்மட்டம் தொடர்ந்து இறங்குவதாக உள்ளது. சான்றுகள் மூன்றும் வடமேற்குச் சமவெளியைப் பற்றியவை. தீபகற்பக் கடும்பாறைப் பகுதியில் மட்டம் ஆண்டு மழையோடு ஏறி இறங்குகிறது. 'வடமேற்கு இந்தியாவில்' எனக் குறுக்கவும், அல்லது கடும்பாறைப் பகுதிக்குத் தனி வாக்கியம் சேர்க்கவும். சான்றுக் கட்டுரை இது." இடம், குறை, காரணம், மாற்று வாக்கியம், சான்று. ஆசிரியருக்கு வேலை மிச்சமாகும்படி எழுதினால் ஏற்பார்கள்.

#15 நொய்யல்கரை

மொதல் பதிவுல "நாள் முழுக்க என்ன செய்யறாங்க"ன்னு கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

பெரும்பகுதி எழுத்து வேலை. கூட்டத்துக்கு முன்னால ஒவ்வொரு நிகழ்ச்சி நிரலுக்கும் ரெண்டு பக்கக் குறிப்பு: விஷயம் என்ன, போன கூட்டத்துல எதுவரைக்கும் வந்துது, வரைவுல எந்தப் பத்தி நம்மைத் தொடுது, நம்ம நிலை, அது கிடைக்கலைன்னா அடுத்து எது, எதை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது, யார் நம்ம பக்கம். ரெண்டு பக்கத்தைத் தாண்டுனா தலைமை அதிகாரி விமானத்துல தூங்கிருவார். புள்ளிவிவரம் நாலு இருந்தாப் போதும், ஆனா நாலுக்கும் மூலம் கேட்டா உடனே காட்டோணும்.

கூட்டத்துல, ஒத்துக்காத வாசகமெல்லாம் சதுர அடைப்புக்குள்ள கிடக்கும். பெரிய மன்றத்துல உரை நடக்கும், உண்மையான சண்டை சின்ன அறையில, தொடர்புக் குழுவுல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு நாடு புது வாசகம் நீட்டும். அது பாதகமில்லாததா, பின்னால நம்மைக் கட்டிப்போடறதான்னு அஞ்சு நிமிஷத்துல அறிவியல் ஆள் சொல்லோணும். "தொடர்புடைய சேர்மங்கள்"னு ரெண்டு வார்த்தை சேர்ந்தா தடைப்பட்டியல் ஒரு பொருள்ல இருந்து பல நூறு பொருளாயிரும். அப்ப விழிச்சிருக்கறதுக்குத்தான் வேதியியல் படிச்ச ஆள்.

ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துக்கு 31 நிபுணர் கொண்ட ஆய்வுக் குழு இருக்குது. முதல் சோதனை, அபாய விவரம், மேலாண்மை மதிப்பீடுன்னு மூணு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் நாடுகள்கிட்ட மட்டுமில்லாம பார்வையாளர் அமைப்புகள்கிட்டயும் தகவல் கேப்பாங்க, படிவம் வெச்சு, கெடு தேதி வெச்சு. அங்க நம்ம தரவு போகலைன்னா கடைசி மாநாட்டுல விலக்குக் கேட்டு மன்றாட வேண்டியிருக்கும். பாரஃபின் விஷயத்துல பட்டறைக்காரங்க சங்கம் வழியா அமைச்சகத்துக்கு எண்ணிக்கை அனுப்பியிருக்க வேண்டிய நேரம் 2022, 2023. நடுவுல எட்டிப் பார்க்கற ஆள் ஒருத்தர் இல்லாததுதான் நம்ம பக்கத்துக் குறை.

#16 ஆனைகட்டி

உயிரியல் பக்கம் படிச்சவங்க இந்த இழையைப் படிச்சா அவங்களுக்கும் ரெண்டு வரி. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல தொடங்குனது. தடிச்ச ரகக் கரும்புக்கும் காட்டு வகையான பேய்க்கரும்புக்கும் கலப்புப் பண்ணி 1918ல வந்த கோ 205 பத்தி எல்லாருக்கும் தெரியும். ஆனா உணவு, வேளாண்மைக்கான தாவர மரபுவள ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல கரும்பு இல்லை. நெல்லு, கோதுமை அந்தப் பொதுத் தொகுப்புல எளிதாப் போய்வரும், கரும்புக்கு அந்த வழி கிடையாது. வெளிநாட்டுக்குக் கொடுக்கறது பல்லுயிர்ச் சட்டம் 2002ல மாட்டும், அனுமதி தர்ற தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில இருக்குது. அரசு நிறுவனங்களுக்கு நடுவுல நடக்கற கூட்டு ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டத்தோட 5ஆம் பிரிவுல விலக்கு உண்டு, ஆனா மத்திய அரசு வழிகாட்டுதல்படி ஒப்புதல் வாங்குன திட்டமா இருக்கோணும். கையெழுத்துக்கு முன்னாலயே மாதிரியை அனுப்பிட்டு அப்புறம் காகிதம் தேடறது வாடிக்கையா நடக்கற தப்பு. சட்டமும் மரபியலும் சேர்த்துத் தெரிஞ்ச ஆள் தமிழ்நாட்டுல குறைவு, வேலையோ சென்னையிலயே இருக்குது. டெல்லிக்குப் போக முடியாதவங்க இதை யோசிக்கலாம்.

#17 மஞ்சள்மண்டி

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. லேத்து அண்ணா, நீங்க சொன்ன சி.பி. 52 விஷயத்தையே எடுத்துக்கலாம்னு இருக்கேன். மஞ்சளைப் பார்க்க ஏற்கெனவே ஆள் இருக்காங்க, இதுல இல்லைன்னு தோணுது. எங்கிருந்து தொடங்கறது?

#18 லேத்துப்பட்டறை

நல்ல முடிவு. மொதல்ல சுற்றுச்சூழல் ஒப்பந்தக் கூட்டங்களைப் பத்தி எழுதற எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்ல 2017, 2025 ரெண்டு மாநாட்டோட சுருக்க அறிக்கையையும், நடுவுல நடந்த நிபுணர் குழுக் கூட்ட அறிக்கைகளையும் தேதி வரிசையில படிங்க. யார் எதுக்கு எதிர்த்தாங்க, எந்த விலக்கு எந்த நாட்டுக்காக வந்துதுன்னு ஒரு தாள்ல எழுதிக்கங்க. அப்புறம் அபாய விவர ஆவணத்தைத் திறந்து, இந்தியத் தரவு எத்தனை இடத்துல வருதுன்னு பாருங்க.

மாதிரிக்கு: ஒரே கம்பெனி டிரம்மை மட்டும் எடுக்காதீங்க. கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கத்துக் கடைகள்ல வெவ்வேற தொகுப்பு எண் உள்ளதா எடுங்க. புது எண்ணெய், ஓட்டி முடிச்ச எண்ணெய் ரெண்டும் வேணும். கண்ணாடிக் குப்பி, அலுமினியத்தாள் போட்ட மூடி. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம், பி.வி.சி.யில இதே பாரஃபினைக் கலப்பாங்க, மாதிரி கெட்டுரும். ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணெயே இல்லாத வெற்று மாதிரி (பிளாங்க்) ஒண்ணு ஓட்டுங்க. முடிவைக் கார்பன் சங்கிலிவாரியா, குளோரின் சதவீதத்தோட, எல்.ஓ.க்யூ.வோட எழுதுங்க. கடைக்காரர், பட்டறைக்காரர் பேர் எங்கயும் வரக்கூடாது, அதை அவங்ககிட்ட மொதல்லயே சொல்லிருங்க, இல்லைன்னா அடுத்த தடவை கதவு திறக்காது.

#19 மஞ்சள்மண்டி

கண்ணாடிக் குப்பி எத்தனை மில்லி எடுத்தாப் போதும் அண்ணா?

#20 லேத்துப்பட்டறை

50 மில்லி எடுத்தா மறுசோதனைக்கும் மீதி இருக்கும். கோடைன்னா நிழல்ல வெச்சு அன்னைக்கே லேபுக்குக் கொண்டு போயிருங்க. குப்பியில காகிதச் சீட்டு ஒட்டி, தொகுப்பு எண்ணும் தேதியும் பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் மை எண்ணெய் பட்டாக் கரைஞ்சுரும்.